ஒடூ கொட்டேஷனில் லிஸ்டுக்குள் லிஸ்ட்: கம்பெனி விலை ஏறினால் எல்லா டீலர் விலையும் தானாக ஏற என்ன வழி?

செவ்வாய்ப்பேட்டை பைப்ஸ் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் பைப், ஃபிட்டிங்ஸ், மோட்டார், சொட்டுநீர் சாமான் மொத்த வியாபாரம். கொட்டேஷன் ஒடூ 17 கம்யூனிட்டி என்கிற வியாபார சாஃப்ட்வேரில், பில் டாலி பிரைம் என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் போகிறது.

இப்போது ஐந்து விலைப்பட்டியல் ஓடுகிறது: கம்பெனி லிஸ்ட், டீலர் (ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் கடைக்காரர்கள்), பெரிய டீலர், கான்ட்ராக்டர், ஏற்காடு எஸ்டேட். ஐந்திலும் ஐட்டம் ஐட்டமாகக் கைவிலைதான் (கையால் அடித்து வைத்த நிலையான விலை) ஏற்றி வைத்திருக்கிறது. கம்பெனி விலையை மாற்றும்போதெல்லாம் ஐந்து எக்செல்லையும் திருத்தி ஏற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த லிஸ்டில் பழைய விலைக்கே கொட்டேஷன் போய்விடுகிறது.

ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாம் மாற வேண்டும் என்று, பெரிய டீலர் லிஸ்டில் கைவிலையை எல்லாம் அழித்துவிட்டு, தனி விலை உள்ள சில ஃபிட்டிங்ஸுக்கு மட்டும் விதி போட்டோம். மற்ற ஐட்டங்கள் டீலர் விலையில் வரும் என்று பார்த்தால், கொட்டேஷனில் முழு லிஸ்ட் விலை வந்து நிற்கிறது.

என் கேள்வி மூன்று. கீழ் லிஸ்ட் ஏன் மேல் லிஸ்டின் விலையை எடுக்கவில்லை? 20+5+3 தள்ளுபடியை எப்படிப் போடுவது, 28 என்று போட்டால் சரிதானா? ஏற்காட்டுக்கு வண்டி வாடகை உண்டு, அதை லிஸ்டிலேயே 4% ஏற்றிவிடலாமா?

---

அஞ்சு ரோடு:

முதல் கேள்விக்குக் காரணம் எளிது. ஒடூவில் ஒரு லிஸ்டுக்கு "இதுதான் அப்பா லிஸ்ட்" என்று சொல்லும் இடமே கிடையாது. உறவு லிஸ்டில் இல்லை, லிஸ்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு விதியிலும் இருக்கிறது. ஒரு ஐட்டத்துக்கு எந்த விதியும் பொருந்தவில்லை என்றால் அது மேல் லிஸ்டைத் தேடிப் போகாது, நேராகப் பொருளின் சேல்ஸ் பிரைஸை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே ஒவ்வொரு கீழ் லிஸ்டிலும் கடைசி வலை மாதிரி ஒரு விதி கட்டாயம் வேண்டும்: ஆல் பிராடக்ட்ஸ், விலைக் கணக்கு ஃபார்முலா, பேஸ்ட் ஆன் என்கிற இடத்தில் அதர் பிரைஸ்லிஸ்ட், அதில் டீலர் லிஸ்ட், தள்ளுபடி 5. கூடுதல் தள்ளுபடியே இல்லாத லிஸ்டாக இருந்தாலும் தள்ளுபடி 0 என்று இந்த விதியைப் போட்டே ஆக வேண்டும். ஃபார்முலா என்கிற தேர்வே வரவில்லை என்றால் சேல்ஸ் செட்டிங்ஸில் பிரைஸ்லிஸ்ட்டுக்குக் கீழே அட்வான்ஸ்டு பிரைஸ் ரூல்ஸை ஆன் செய்யுங்க.

கம்பெனி லிஸ்டைத் தனி லிஸ்டாக வைக்காதீங்க. அந்த விலை பொருளின் சேல்ஸ் பிரைஸ் கட்டத்திலேயே உட்காரட்டும். விலை மாறும் அன்று பொருட்களை எல்லாம் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுங்க. மேலே "ஐ வான்ட் டு அப்டேட் டேட்டா" என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் ஒவ்வொரு வரியோடும் அடையாள எண் சேர்ந்து வரும். எக்செல்லில் புது விலையை ஒட்டி அதே கோப்பைத் திரும்ப இம்போர்ட் செய்தால் போதும். அந்த அடையாள எண் நெடுவரிசையை யாராவது அழித்துவிட்டால் விலை மாறாது, அதே பெயரில் புதுப் பொருள் உருவாகிவிடும். அப்புறம் ஒரே எல்போ இரண்டு முறை தெரிகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று: முக்கால் இன்ச், ஒரு இன்ச், நாலு இன்ச் எல்லாவற்றையும் ஒரே பொருளின் வேரியன்ட்டாக வைத்திருந்தால் சேல்ஸ் பிரைஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். அளவுக்கு அளவு விலை வேறு வரும் பைப்புக்கு அது ஒத்துவராது. தனித்தனிப் பொருளாகவே வையுங்க.

28 என்று போடாதீங்க. 20+5+3 என்றால் ஒன்றைக் கழித்த மிச்சத்தில்தான் அடுத்தது: 0.80 × 0.95 × 0.97 = 0.7372. அதாவது மொத்தத் தள்ளுபடி 26.28%. ஒரு லெங்த் (ஒரு முழு பைப்) லிஸ்ட் விலை 643 ரூபாய் என்று வையுங்க. சரியான விலை 474.02. 28% கழித்தால் 462.96. லெங்த்துக்கு 11 ரூபாய் சொச்சம் கையை விட்டுப் போகிறது, 600 லெங்த் ஆர்டரில் 6,636 ரூபாய். லிஸ்டை அடுக்காகக் கட்டினால் இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்: டீலர் லிஸ்ட் சேல்ஸ் பிரைஸிலிருந்து 20, பெரிய டீலர் டீலரிலிருந்து 5, அதற்கும் கீழே ஒன்று இருந்தால் பெரிய டீலரிலிருந்து 3.

ரவுண்டிங் கடைசி அடுக்கில் மட்டும். மூன்று அடுக்கிலும் 1 ரூபாய்க்கு ரவுண்ட் போட்டால் 643 முதலில் 514 ஆகும், அதில் 5% போக 488.30, அது 488 ஆகும், அதில் 3% போக 473.36, கடைசியில் 473. நேர்க் கணக்கில் ரவுண்ட் செய்தால் 474. ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் டீலர் தன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து "உங்க கணக்கு இடிக்குதே" என்று போன் போடுவார், அந்தத் தலைவலி ஒரு ரூபாயை விடப் பெரிசு. ஃபார்முலாவில் வரிசையும் தெரிந்திருக்கட்டும்: முதலில் தள்ளுபடி, பிறகு ரவுண்ட், அதற்குப் பிறகுதான் எக்ஸ்ட்ரா ஃபீ கூடும்.

சில ஃபிட்டிங்ஸுக்குத் தனி விலை விதி போட்டிருப்பதாகச் சொன்னீங்க. ஆபத்தே அங்கேதான். ஃபிக்ஸட் பிரைஸ் விதி, அதாவது கைவிலை, இருக்கிற இடத்தில் சங்கிலி அறுந்துவிடும், மேலே எத்தனை முறை விலை ஏறினாலும் அந்த ஐட்டம் அசையாது. முடிந்தால் கைவிலையை எடுத்துவிட்டு அதையும் டீலர் லிஸ்டின் மேல் சதவீதமாக மாற்றுங்க. மாற்ற முடியாத கைவிலைக்கு எண்ட் டேட் இல்லாமல் விதி போடக் கூடாது என்று கடையில் சட்டமே வைத்துவிடுங்க. தேதி முடிந்ததும் அந்த விதி செத்துப்போய், ஐட்டம் கீழே இருக்கும் வலை விதியில் விழுந்து சரியான விலைக்கு வந்துவிடும்.

---

குகைவாசி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்க ஐந்து லிஸ்டின் பெயர்களைப் பார்த்தாலே வேறு ஒரு சிக்கல் தெரிகிறது. டீலர், பெரிய டீலர், கான்ட்ராக்டர் மூன்றும் வாங்குகிறவர் யார் என்பது. ஏற்காடு என்பது ஊர். இரண்டையும் ஒரே அடுக்கில் கலக்கக் கூடாது. நாளைக்கு ஏற்காட்டிலேயே ஒரு கடைக்காரர் டீலராக வந்தால் எந்த லிஸ்ட் கொடுப்பீங்க? "ஏற்காடு டீலர்" என்று இன்னொன்று பிறக்கும். அப்புறம் ரொக்கம், கடன் என்று பிரிப்பீங்க. நான்கு வகை வாடிக்கையாளர், மூன்று ஊர், இரண்டு வகைப் பணம் என்றால் 24 லிஸ்ட். அதை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. லிஸ்ட் வாங்குகிறவரின் வகைக்கு மட்டும். ஊர் டெலிவரியில் போகட்டும், பணம் பேமென்ட் டெர்ம்ஸில் போகட்டும்.

வாடகையை 4% என்று விலையில் ஏற்றுவது கணக்காகவும் தப்பு. வாடகை நடைக்கு ஆகிறது, சாமான் மதிப்புக்கு இல்லை. ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் செட் சின்ன வண்டியில் ஒரு மூலையில் உட்கார்ந்து போய்விடும், 4% போட்டால் எஸ்டேட்காரர் தலையில் தேவையில்லாத சுமை. அதே பணத்துக்கு நாலு இன்ச் பைப் என்றால் வண்டியே நிறைந்துவிடும், 4% வாடகைக்குக் காணாது. அதிலும் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. 6 மீட்டர் பைப் பின்னால் நீட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு ஒரு வாடகை, சுருள் சுருளாக எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் போகிற வண்டிக்கு ஒரு வாடகை என்றுதான் பேசுவார்கள். குப்பனூர் வழியாகப் போனால் அது வேறு பேச்சு.

ஒடூவில் டெலிவரி மெத்தடில் விதிப்படி விலை என்று ஒன்று இருக்கிறது. எடை, கன அளவு, தொகை, எண்ணிக்கை எதை வைத்தும் படி (ஸ்லாப்) போடலாம். பொருளில் எடையை நிரப்பி வைத்தால்தான் எடைப் படி வேலை செய்யும், காலியாக இருந்தால் பூஜ்யம் கிலோ என்று கணக்குப் போட்டு முதல் படி வாடகையைக் காட்டும். எடை ஏற்ற நேரமில்லை என்றால் "ஏற்காடு நடை வாடகை" என்று ஒரு சர்வீஸ் பொருளை உருவாக்கி, கொட்டேஷன் போடுகிறவர் கையாலேயே சேர்க்கட்டும்.

பில்லில் அந்த வாடகைக்கும் ஜிஎஸ்டி உண்டு. சாமானை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து வாடகையும் வாங்கினால் அது சாமானின் மதிப்போடு சேர்ந்து அதே விகிதத்தில் வரி வரும். பைப்பும் சொட்டுநீர் சாமானும் ஒரே பில்லில் போனால் வாடகையை எப்படிப் பிரிப்பது என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டு முடிவு செய்துவிடுங்க.

வரி என்றதும் ஒன்று. உங்க எல்லா லிஸ்டும் வரி இல்லாத விலையில்தானே இருக்கிறது? கான்ட்ராக்டருக்கு மட்டும் "எல்லாம் சேர்த்து" விலை என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தால் அதை உடனே மாற்றுங்க. 2025 செப்டம்பர் 22 அன்று சொட்டுநீர்ப் பாசன சாதனங்களுக்கு வரி 12%லிருந்து 5% ஆனது. வரி இல்லாத லிஸ்ட் வைத்திருந்தால் அன்று டாக்ஸ் கட்டத்தை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. வரியோடு விலை ஏற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு விலையையும் 1.12ஆல் வகுத்து எடுக்க வேண்டும்.

---

டாலி தாத்தா:

பில் டாலியில் என்பதால் ஒரு வார்த்தை. டாலியின் பிரைஸ் லெவல் (அங்கே விலைப்பட்டியலுக்குப் பெயர்) ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தனித்தனி அடுக்கு. ஒரு லெவலை இன்னொரு லெவலிலிருந்து "5% குறை" என்று இழுக்க முடியாது. ஒவ்வொரு லெவலுக்கும் தேதி, எண்ணிக்கைப் படி, ரேட், தள்ளுபடி என்று தனியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆகவே இரண்டு பக்கமும் லிஸ்ட் வைக்காதீங்க. ஒடூவில்தான் விலை முடிவாகிறது என்றால் டாலி பார்ட்டி லெட்ஜரில் பிரைஸ் லெவலை எடுத்துவிடுங்க. ஆர்டரில் இருக்கிற ரேட் அப்படியே பில்லுக்கு வரட்டும். இரண்டிலும் இருந்தால் கொட்டேஷனில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று வந்து, கடைசியில் கிரெடிட் நோட் போடுவதே வேலையாகிவிடும்.

---

செவ்வாய்ப்பேட்டை பைப்ஸ்:

ரொம்ப நன்றிங்க. வலை விதி போட்டதும் டீலர் விலை சரியாக வந்துவிட்டது. ஏற்காடு லிஸ்டையும் எடுத்துவிட்டு வாடகையைத் தனி வரியாக்கிவிட்டோம். இப்போது புதுசாக ஒன்று.

பெரிய டீலர் லிஸ்டில் மூன்று விதி இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் 5%. பைப் வகைக்கு 100 லெங்த்துக்கு மேல் 6%. பைப் வகைக்குள் இருக்கும் 6 கிலோ (பைப் தாங்கும் அழுத்தம்) துணை வகைக்கு 8%, எண்ணிக்கை வரம்பு இல்லை. டீலர் விலை 514.40 உள்ள ஒரு 6 கிலோ பைப்புக்கு 90 லெங்த் போட்டால் 473.25 வருகிறது. 120 போட்டால் 483.54 ஆகிறது. அதிகம் வாங்கினால் விலை ஏறுகிறதே, இது என்ன நியாயம்?

---

அஞ்சு ரோடு:

ஒடூ விதிகளைக் கூட்டாது, ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கும். எதை எடுக்கும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விதி எதன் மேல் என்று பார்க்கும்: வேரியன்ட், பிறகு பொருள், பிறகு வகை, கடைசியாக எல்லாப் பொருளும். ஒரே நிலையில் இரண்டு விதி இருந்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை எதில் பெரிசோ அது முந்தும். அதுவும் ஒன்றாக இருந்தால்தான் துணை வகையா, மேல் வகையா என்று பார்க்கும்.

உங்க 6% விதியும் 8% விதியும் இரண்டுமே "வகை" நிலைதான். 120 போட்டதும் 100 வரம்புள்ள 6% விதி பொருந்துகிறது, வரம்பு பெரிசு என்பதால் அது ஜெயித்துவிடுகிறது. துணை வகை என்கிற தகுதி எண்ணிக்கைக்கு அப்புறம்தான். 90 போடும்போது அந்த விதிக்குத் தகுதியே இல்லை, அதனால் 8% வந்தது.

மேல் வகையில் எண்ணிக்கைப் படி வைத்தால், தனித் தள்ளுபடி இருக்கிற ஒவ்வொரு துணை வகையிலும் அதே படியைத் திரும்பப் போட்டாக வேண்டும். 6 கிலோ வகைக்கு 100க்கு மேல் 9% என்று ஒரு விதி சேர்த்தால் 120 லெங்த்துக்கு 468.10 வரும், கோணல் நேராகிவிடும்.

இதே சிக்கல் தலைகீழாகவும் வரும். ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு 7% என்று வரம்பில்லாத விதி போட்டுவிட்டால், வகையில் எத்தனை படி போட்டிருந்தாலும் அந்தப் பொருளுக்கு அது எட்டாது. பொருள் நிலை எப்போதும் வகை நிலையை முந்தும்.

எண்ணிக்கை என்றால் எந்த அலகில் என்பதையும் பாருங்க. விதியில் போடும் 100, பொருளின் அடிப்படை அலகில்தான் எண்ணப்படும். உங்க எச்டிபிஇ சுருள் மீட்டரில் இருந்தால் அது 100 மீட்டர். பிவிசி பைப்பையும் யாராவது மீட்டரில் ஏற்றியிருந்தால் 17 லெங்த்துக்கே மொத்த விலை கிடைத்துவிடும். அப்புறம், எண்ணிக்கை வரிக்கு வரிதான். ஒரே பைப் 60, 60 என்று இரண்டு வரியாக இருந்தால் அதை 120 என்று சேர்த்துப் பார்க்காது.

---

அம்மாபேட்டை அக்கவுன்ட்ஸ்:

இரண்டு எச்சரிக்கை சேர்க்கிறேன்.

நட்டத்துக்கு விற்றுவிடக் கூடாது என்று அந்த ஃபார்முலாவில் மின் மார்ஜினில் (மினிமம் மார்ஜின், அதாவது குறைந்தபட்ச லாபம்) 20 ரூபாய் போடலாம் என்று நிறையப் பேருக்குத் தோன்றும். அது கொள்முதல் விலையோடு ஒப்பிடாது. அந்த விதியின் பேஸ் எதுவோ அதோடு ஒப்பிடும். பேஸ் டீலர் லிஸ்ட் என்றால், விலை எப்போதும் டீலர் விலை + 20க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம். கொடுத்த 5% தள்ளுபடி காணாமல் போய், டீலரை விடப் பெரிய டீலருக்கு 20 ரூபாய் அதிகம் வரும். மின் மார்ஜின் காஸ்ட்டை பேஸாக வைத்த விதிக்கு மட்டும்தான் பொருந்தும். அடுக்கு லிஸ்டில் அதைத் தொடாதீங்க. மார்ஜினை கொட்டேஷன் வரியில் காட்டும் வசதி செட்டிங்ஸில் தனியாக இருக்கிறது. அதை ஆன் செய்து, மைனஸ் காட்டினால் முதலாளியைக் கேட்காமல் அனுப்பாதே என்று வைத்துக்கொள்ளுங்க.

அடுத்தது, தள்ளுபடி வாடிக்கையாளர் கண்ணில் தெரிய வேண்டுமா என்பது. ஒடூ 17இல் ஒவ்வொரு லிஸ்டிலும் டிஸ்கவுன்ட் பாலிசி என்று ஒன்று உண்டு. அடுக்கு லிஸ்டில் இது மேலே ஏறிக்கொண்டே போகும். பெரிய டீலர் லிஸ்டில் "காட்டு", டீலர் லிஸ்டிலும் "காட்டு" என்று இருந்தால் கொட்டேஷனில் முழு லிஸ்ட் விலையும் 24% தள்ளுபடியும் தெரியும். டீலர் லிஸ்டில் "விலையிலேயே சேர்ந்தது" என்று வைத்தால் ஏற்றம் அங்கே நின்றுவிடும். பார்ப்பவருக்கு டீலர் விலையும் 5 சதவீதமும் மட்டும் தெரியும். கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் கொட்டேஷன் கட்டிட உரிமையாளர் கைக்குப் போகும் என்பதால், கான்ட்ராக்டர் லிஸ்டில் காட்டாமல் இருப்பதே நாகரிகம்.

ஆண்டு டர்ன்ஓவர் இன்சென்டிவ், டார்கெட் ஸ்கீம் எதையும் லிஸ்டுக்குள் கொண்டுவராதீங்க. அது பில் போட்ட பிறகு முடிவாகிற பணம், கிரெடிட் நோட்டில் போக வேண்டியது. பில்லிலேயே காட்டிக் கழிக்கிற தள்ளுபடிக்கும் இதற்கும் ஜிஎஸ்டியில் நிபந்தனை வேறு வேறு.

ஒடூவுக்குப் பதில் இஆர்பிநெக்ஸ்ட் என்கிற சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: அங்கே ஒரு லிஸ்டை இன்னொரு லிஸ்டிலிருந்து இழுக்க வழியில்லை. ஒரே பிரைஸ் லிஸ்ட் வைத்து, கஸ்டமர் குரூப்பை மரமாகக் கட்டி, தள்ளுபடியை பிரைசிங் ரூலில் போடுவதுதான் முறை. மேல் குரூப்புக்குப் போட்ட விதி கீழ் குரூப்புக்கும் பொருந்தும். இரண்டு விதி மோதினால் பிரையாரிட்டி எண் கேட்டு நிற்கும், பெரிய எண் ஜெயிக்கும். பல ஐட்டத்தின் எண்ணிக்கையைச் சேர்த்துப் படி கொடுக்க வேண்டும் என்றால் அங்கே மிக்ஸ்டு கண்டிஷன்ஸ் டிக் இருக்கிறது.

---

செவ்வாய்ப்பேட்டை பைப்ஸ்:

6 கிலோ வகைக்குப் படி போட்டதும் சரியாகிவிட்டதுங்க. கடைசியாக ஒன்று: லிஸ்ட் மாற்றுவதற்கு முன் அனுப்பிய கொட்டேஷன்கள் நிறைய டிராஃப்டில் இருக்கிறது. அதெல்லாம் புது விலைக்குத் தானாக மாறுமா?

---

அஞ்சு ரோடு:

மாறாது, மாறவும் கூடாது. விலை வரியில் எழுதப்பட்டதும் அது அங்கேயே நிற்கும். கன்ஃபர்ம் செய்தாலும் திரும்பக் கணக்குப் போடாது. பழைய கொட்டேஷனை டூப்ளிகேட் எடுத்தாலும் பழைய விலையே வரும், இதுதான் கவுண்டரில் அடிக்கடி நடக்கிற தப்பு. டூப்ளிகேட் எடுத்தவர் பிரைஸ்லிஸ்டை ஒருமுறை மாற்றித் திரும்பத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் அப்டேட் பிரைசஸை அழுத்தியே ஆக வேண்டும். ஆனால் அதை அழுத்தினால் பேரம் பேசிக் கையால் திருத்திய வரிகளும் சேர்ந்து அழிந்துவிடும். பேசிய விலை இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொண்டு, அழுத்தி, பிறகு திரும்பப் போடுங்க.

கொட்டேஷன் செல்லுபடி நாளை செட்டிங்ஸில் 30லிருந்து 7 ஆக்குங்க. பிவிசி விலை நிற்கிற நிலையில் இல்லாதபோது ஒரு மாதம் வாக்குக் கொடுப்பது வம்பு. டிராஃப்டில் இருப்பவற்றில் காலாவதி தேதி தாண்டியதை மட்டும் வடிகட்டி எடுத்து, வாடிக்கையாளரிடம் இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டும் என்றவருக்குப் புது விலையில் அனுப்புங்க. தேதி தாண்டாதவற்றைத் தொடாதீங்க, அது நீங்க எழுத்தில் கொடுத்த விலை.